நீல வாளி

முதலில் கோபுரத்தை எடுத்துவிடு என்றேன்.
பதினோரு வருஷமாக என் பெயருக்கு மேலே நிற்கிறது,
பட்டைக்குள் அடங்காமல் சற்றே நசுங்கி.
மதுரைக்காரி என்றால் கோபுரம் வேண்டாமா என்று
அன்றைக்குத் தளம் அமைத்தவன் ஒட்டிவிட்டுப் போனது.
நான் ஒரு கோபுரம்கூட வரைந்தவளில்லை.
வாளி வரைவேன். தண்ணீர் லாரியின் குழாய்.
ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில்
செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்கள்.

டெல்பின் சிரிக்கவில்லை. ஒரே அமுக்கு.
கோபுரம் போனது. கூடவே
திறந்ததும் தானாகக் கிளம்பும் வீணையும்.
ஞானஒளிவுபுரத்து மாடி அறை
திடீரென்று அமைதியாகி
கீழே கோழிக்கடைத் தராசுச் சத்தம் கேட்டது.

"எரநூத்திப் பன்னெண்டு படம் இருக்கு.
இருபது போதும்க்கா."

இலை போட்டு உட்கார்ந்தவர்களை
பந்தியிலிருந்து எழுப்பிவிடச் சொல்வதுபோல் இருந்தது.
எழுப்பினேன்.
முதல் வருஷத்து எருமைகள் சொல்வதற்கு முன்பே எழுந்துகொண்டன.
என் முகம் வரைந்த மூன்றும்
முறைத்துக்கொண்டே போயின.
செல்லூர் வாய்க்கால் நுரை மட்டும் அசையவில்லை.
இருக்கட்டும் என்றேன். இருபத்தொன்று.

பின்னணி வெள்ளை என்றாள்.
எந்த வெள்ளை?
பாலாடை ஒன்று காட்டினாள், ஆஸ்பத்திரி ஒன்று,
பொங்கலுக்கு முந்தின வாரத்துச் சுவர் ஒன்று.
சுவரை எடுத்துக்கொண்டேன்.

'என்னைப் பற்றி' என்ற இடத்தில்
இவர் இயற்கையின் காதலி என்றிருந்தது.
யாருக்கா இப்படி எழுதுனது?
நான்தான்.
அழித்துவிட்டு, மின்வாரியத்தில் கணக்குப் பார்க்கிறேன்,
ராத்திரி வரைகிறேன் என்று போட்டேன்.
அதற்கே அரைமணி நேரம் ஆனது.

தொடர்புக்கு என்பதன் கீழே
ஆறு வருஷத்துக்கு முன் நான் கைவிட்ட எண்.
இப்ப யார்கிட்ட இருக்கோ என்று சொல்லும்போதே
டெல்பின் அழுத்திவிட்டாள், ஸ்பீக்கரில்.

உசிலம்பட்டி, லாரிப் பட்டறை, ஒச்சப்பன் பேசுறேன்.
பின்னால் யாரோ தகரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.
"அந்தப் படக்காரம்மாவா நீங்க?
வருசத்துக்கு நாலு பேராச்சும் கேப்பாக.
ராங் நம்பர்னு வச்சிருவேன், அப்புறம் பாவமா இருக்கும்.
போன மாசியில ஒரு பொம்பளப்புள்ள, கடலூர்லருந்து,
நீல வாளி படம் இருக்கான்னு ரெண்டு மூணு தடவ கூப்புட்டுச்சு.
வித்துப்போச்சு தாயின்னு சொல்லிட்டேன்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"நல்ல வெலைக்குத்தான்."

பதினோரு வருஷத்தில்
அந்தத் தளம் நடத்திக் கொடுத்த ஒரே விற்பனை.
அந்தப் பிள்ளையின் எண் இருக்கிறதா என்றேன்.
போன் கிரீஸ் டப்பாவுக்குள் விழுந்துவிட்டதாம்,
இது புதுசாம்.

கடைசி வேலை.
ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதித் தர வேண்டும்.
சிக்னல் கிடைக்காமல் படம் வராத இடத்தில்
அந்த வரி நிற்குமாம்.
கண் தெரியாதவர்களுக்கு
போன் அதைப் படித்துச் சொல்லுமாம்.
"என்ன இருக்கோ அத மட்டும் எழுதுங்கக்கா. அர்த்தம் வேணாம்."

வாய்க்கால், நுரை, ஓரத்தில் தயங்கும் கொக்கு.
தயங்கும் என்பதை அடித்தாள்.
சரிதான். கொக்கு சும்மாதான் நிற்கிறது,
தயங்கியது நான்.

ஒன்பதரைக்குக் கோழிக்கடை ஷட்டர் இறங்கியபோது
வாளிக்கு வந்திருந்தோம்.
அது என் வீட்டில்
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
பழைய போர்வைக்குள் இருக்கிறது.

எழுதினேன்:
நீல வாளி. பிளாஸ்டிக்.
கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருக்கிறது.
பாதிவரை தண்ணீர்.
விற்கவில்லை.

டெல்பின் கடைசி வார்த்தையின்மேல்
அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள்.
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.
பிறகு சேமித்தாள்.