ஐந்தாவது டிக்கெட்

ஐந்து பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும்
என்று பலகையில் எழுதியிருக்கிறது.
கலீசியக் கரை. நவம்பர். புதன்கிழமை.
நான்கு பேர்தான் தேறினார்கள்:
ஒரே குடைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த
டச்சுத் தம்பதி,
காதுக்கருவி விற்க லுகோவிலிருந்து வந்த எலாடியோ
(மாதிரிப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவேயில்லை),
அப்புறம் சபேலா.

சபேலா உள்ளூர்.
ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக
எங்கள் படகில் ஏறுகிறாள்.
கடலில் நச்சுப்பாசி கண்டு
சிப்பி மிதவைகளுக்குத் தடை போட்டுப் பதினோரு நாள்.
டப்பா ஆலைக்குப் பூட்டு. அவளுக்குப் பகல்கள் மிச்சம்.
"இன்னொரு டிக்கெட் கிழி" என்றாள்.
யாருக்கு என்றேன்.
முட்டைக்கோஸ் துருத்திய பையைத் தூக்கிப்
பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள்.

பிராய்ஸ் எஞ்சினை முடுக்கினான்.
ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்
ஆகஸ்டில் இருந்துகொண்டு பேச ஆரம்பித்தது:
தொப்பிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்,
வெயில் கடுமையாக இருக்கும்,
தண்ணீர் குடிக்க மறவாதீர்கள்.
தூறலில் நான் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டோடு ஒரு தட்டு சிப்பி இலவசம்.
அவித்துத் தர வழியில்லை; டப்பாவைத் திறந்து நீட்டினேன்.
சபேலா கண்ணாடியை மாட்டி
டப்பாவைக் கவிழ்க்காமல் தலைக்குமேல் தூக்கி
அடியில் பொறித்த எண்ணைப் படித்தாள்.
"மார்ச். மூன்றாம் மேசை."
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"என் அடுக்கு."
ஆரஞ்சு எண்ணெய்க்குள் வரிசையாய்ப் படுத்திருந்தவற்றை
ஆள்காட்டி விரலால் தொடாமல் எண்ணினாள்.
"பதினாறு வைப்பேன். பதினைந்துதான் இருக்கிறது."
நான் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

முனை திரும்பியதும் குரல் குழைந்தது:
இடப்பக்கம் பாருங்கள்,
காலம் உறைந்து நிற்கும் மீனவர் குடியிருப்பு.
டச்சுக்காரர் கேமராவைத் தூக்கினார்.
சபேலா எழுந்து நின்றாள்.

தெருவைப் பார்த்த சுவருக்குத்தான்
அவள் வருஷாவருஷம் வெள்ளையடிப்பது.
இந்தப் பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
செங்கல்லும் தகரமும்
எப்போதோ கசிந்த குழாயின் பச்சைக்கோடுமாய்
விட்டுவைத்திருந்த முதுகு.
எத்தனை கோடைகள், எத்தனை கேமராக்கள்.
"இதையா எடுத்துக்கொண்டு போனார்கள்?"

அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது.
கொடியில் நான்கு போர்வை, நீலம்,
காலையில் உலர்த்தியது.
கடல்வாயிலிலிருந்து சாம்பல் திரை ஒன்று
ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

"திருப்பு!"
டச்சுப் பெண் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று
மிதவை வளையத்தைக் கழற்றிவிட்டாள்.
பிராய்ஸ் கடிகாரத்தைக் காட்டினான்:
ஒண்ணேகால் மணி நேரப் பயணம், பாதிகூட ஆகவில்லை.
"ஐந்து டிக்கெட்டில் இரண்டு என்னுடையது" என்றாள் சபேலா.
யாரும் பேசவில்லை. எஞ்சின் மட்டும்.
எலாடியோ, காதில் எது விழுந்ததோ,
பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு
மறு கையை உயர்த்தினார்.

படகு திரும்பியது. குரல் திரும்பவில்லை.
இடப்பக்கம் கலங்கரை விளக்கம் என்றது, அங்கே வெறும் கடல்;
வலப்பக்கம் மணல்திட்டு என்றது, அங்கே பெட்ரோல் பங்க்.
முதன்முதலாக டச்சுத் தம்பதி
சேர்ந்து சிரித்தார்கள்.

மழைக்கு எங்களைவிட வேகம்.
துறைக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே
நீலம் நான்கும் கருநீலமாகிக்
கொடி நடுவில் தொய்ந்தது.

பிராய்ஸ் கயிறோடு என்னைப் பார்த்தான்.
நான் சபேலாவைப் பார்த்தேன்.
அவள் கண்ணாடியை முந்தானையில்லாத உடம்பில்
எதில் துடைப்பதென்று தேடிக்
கடைசியில் பையின் காதில் துடைத்தாள்.

"நனைந்தது நனைந்ததுதான்.
மீதிக் கடலைக் காட்டு."
உட்கார்ந்தாள்.
முட்டைக்கோஸைக் கொஞ்சம்
ஜன்னல் பக்கமாய் நகர்த்தி வைத்தாள்.