இன்று ஆட்டுப்பால் இல்லை

என் கணக்குப்படி
சாட்டா பத்து நாள் முன்பே ஈன்றிருக்க வேண்டும்.
ஆடு யாருடைய கணக்கைப் பார்த்தது?
நேற்று விடியலில்தான் ஈன்றது.
ஒரு குட்டி நின்றது.
இன்னொன்று நிற்கலாமா என்று
நான்கு கால்களிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.
வாளியோடு போனவள்
வாளியோடே திரும்பினேன்.
மடியில் இருப்பது சீம்பால்.
அதில் எனக்குப் பங்கில்லை.

ஞாயிறன்று ஒப்துலியாவின் மகனுக்கு ஞானஸ்நானம்.
கஹேத்தா நான் கொண்டுவருகிறேன் என்று
சும்மா இருக்காமல் வாய் கொடுத்திருந்தேன்.
முப்பது பேருக்கு.
ஆட்டுப்பாலும் சர்க்கரையும்
நான்கு மணி நேரம் கைவிடாமல் கிண்டி
செம்பு நிறத்துக்கு இறக்கும் இனிப்பு அது.
கடைக்குப் போக வண்டி இல்லை.
வண்டி ஃபெர்மீனோடு தோட்டத்தில்.
ஃபெர்மீன் ஏணியோடு ஆகாயத்தில்.

தெர்மல் ஊரில் மார்ச் மாதம் இப்படித்தான்.
ஆண் மரத்தின் மகரந்தத்தைப் பெண் மரங்களுக்கு
மனிதன் ஏறித் தூவ வேண்டும்.
காற்றுக்கு அந்த வேலை சரியாக வராது.
ஏரிப் பக்கமிருந்து
உப்பு நாற்றம் கொண்டுவர மட்டும் வரும்.

ஃப்ரிட்ஜில் ஒரு பெட்டி இருந்தது.
எட்டு மணி நேரம் பெல்ட்டில் ஓடும் பழங்களில்
தோல் கழன்று உப்பியவற்றை
இடப்பக்கம் தள்ளுவது என் சம்பளம்.
இடப்பக்கத்துப் பழங்கள்
எங்களுக்குப் பாதி விலை.
சதைக்குத் தெரியாது
தன் தோல் தேறவில்லை என்று.

பிளந்தேன். கொட்டையை எடுத்தேன்.
வெந்நீரில் போட்டு
ஒரு காப்பி குடிக்கும் நேரம் விட்டேன்.
ஊறிய நீரைக் கொட்டவில்லை,
அதுவும் பழம்தான்.
டப்பாவில் மீந்த தேங்காய்ப்பால்,
கல் உப்பு கொஞ்சம்,
கொஞ்சம் என்று நினைத்ததற்கு மேல் இன்னும் கொஞ்சம்,
பட்டைத் தூள், வனிலா.
மிக்சியின் மூடியை
இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.
பழைய மிக்சி, பறக்கப் பார்க்கும்.

அவ்வளவுதான்.
தீ இல்லை, அடிப்பிடிப்பு இல்லை,
கம்பிப் பதமா முறுகு பதமா என்ற பதற்றம் இல்லை.
கிண்டிப் பழகிய வலது கை
என்ன செய்வதென்று தெரியாமல்
மேடையைத் துடைத்தது,
துடைத்த இடத்தையே துடைத்தது.

ஒப்துலியா வந்தாள். விரலை விட்டாள்.
"இது கஹேத்தா இல்லை."
மறுபடி விட்டாள்.
"இல்லவே இல்லை, ரெஃபூகியோ."
மூன்றாவது தடவை கரண்டி எடுத்தாள்.
"பால் இல்லாமல் இதற்கு என்ன பெயர்?"
"இன்னும் வைக்கவில்லை.
ஞாயிறன்று பாதிரியார் வருவாரே,
உன் பிள்ளையோடு இதன் தலையிலும்
இரண்டு சொட்டுத் தெளிக்கச் சொல்."
அவள் சிரிக்கவில்லை.
வாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

இருட்டும் நேரம் ஃபெர்மீன் வந்தான்,
புருவமெல்லாம் மஞ்சள் மாவு.
உள்ளங்கையில் ஏறிய முள்ளை
நான் ஊசியால் தேடும்போது
இன்னொரு கையால் நக்கிப் பார்த்து
"பதினோராம் வரிசை மரம்," என்றான்.
புளுகு.
பெட்டியில் எல்லா வரிசையும் கலந்திருந்தது.
ஆனாலும் அந்த வரிசையை
அவன் சொன்ன விதத்தில்
முள் வந்துவிட்டது.

கொட்டைகளைச் சாட்டாவுக்குப் போட்டேன்.
கடைவாயில் வைத்து
ஒவ்வொன்றாக உடைத்தது.
கடக்.
கீழே இரண்டு குட்டிகளும் முட்டின.
இரண்டாவதும் நின்றுகொண்டுதான் முட்டியது.
கடக்.

ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள்.
மூன்று ஜாடியில் ஒன்று
தோள் வரை இறங்கியிருக்கிறது.
யார் என்று நான் கேட்கப் போவதில்லை.
கேட்டால்
என் விரலையும் காட்டச் சொல்வார்கள்.