ரசீதின் பின்பக்கம்

வீரணன் அண்ணாச்சிக்கு,
டெம்போக்காரன் ஆரனை விடவே இல்லை.
சொல்ல விட்டதை இதில் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்.
ஓடி வந்தவளிடம் வாளியை நீட்டாதீர்கள்.
நெஞ்சில் கை வையுங்கள். சுட்டால் நடத்துங்கள்.
நாலு மிடறு கொடுத்து, மறுபடி நடத்துங்கள்.

கொள்ளு ராத்திரியே ஊற வேண்டும்.
புல் தின்ற பிறகுதான் கொள்ளு.
ஒரு படி என்றால் ஒரு படி,
பிரியத்தில் அள்ளிப் போடுகிற வீட்டில்தான்
குதிரைக்கு வயிறு வலிக்கும்.
கேசரி கேட்பாள், கொடுக்காதீர்கள்.
பதினோரு வருஷம் மண்டப வாசலில் நின்றவள்,
பந்தி எந்தப் பக்கம் என்று மூக்குக்குத் தெரியும்.

சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்வாள்.
பொய் வயிறு.
பத்தடி நடத்திவிட்டு வாரை இன்னொரு துளை இறுக்குங்கள்.
நம்பி ஏறிய மாப்பிள்ளை ஒருவர்
விளக்குத்தூண் பக்கத்தில், மாலையோடு,
மெதுவாக, மிக மெதுவாக
ஒரு பக்கம் சாய்ந்து போனார்.

எல்லாரும் இடப்பக்கம் ஏறுவார்கள்.
இவளுக்கு வலப்பக்கம்.
பழக்கம் அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளம்பைத் தினமும் தூக்கிப் பாருங்கள்.
குதியிலிருந்து முனைக்குச் சுரண்ட வேண்டும்.
ஒத்தக்கடை தாண்டினால் ரோட்டோரமெல்லாம்
கிரானைட் சில்லு.
கால்வாய்க் கரை மண் போதும் அவளுக்கு.

புரண்டால், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால்,
வயிற்றில் காதை வையுங்கள்.
குழாயில் தண்ணீர் ஓடுவது போல் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை என்றால் உடனே டாக்டர்.
யார் சொன்னாலும் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள்,
நுரையீரலுக்குப் போய்விடும்.
ஒரு குதிரையை அப்படி இழந்தேன்.
ஊற்றியவன் நான்தான்.

ரசீது முடிந்துவிட்டது.
இது வேறு தாள்.

பேரத்தன்று ஒருவரைக் கூட்டி வந்தீர்கள்.
நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, விலாச் சுழி,
விரலால் தடவித் தடவி எண்ணினார்.
பல்லைப் பிரித்து வயசு சொன்னார், சரியாகவே.
வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.
நான் இடப்பக்கமே நின்றேன்,
கன்னத்தைத் தட்டிக்கொடுப்பது போல.
கண்ணெதிரே கையை ஆட்டிப் பார்க்க
ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடது கண் தெரியாது அண்ணாச்சி.

கீழவாசலில் ஒரு கல்யாணம். பத்தாயிரம் வாலா.
போட்டோ நன்றாக வரும், குதிரை நிற்குமா என்றார்கள்.
நிற்கும் என்றேன்.
நின்றாள்.

சுழியெல்லாம் சுத்தம்தான்.
டெம்போக் கதவைச் சாத்தும்போது சொன்னீர்களே,
லீவுக்கு வந்ததும் செவ்வந்திதான் ஏறப்போகிறாள் என்று,
அதைப் பேரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.
விலை குறைந்திருக்கும்.
அல்லது விற்றிருக்க மாட்டேன்.
தெரியவில்லை.

செவ்வந்தியிடம் சொல்லுங்கள்:
இடப்பக்கம் போகும்போது பேசிக்கொண்டே போக வேண்டும்.
எதைப் பேசினாலும் சரி,
நான் வெங்காய விலை பேசுவேன்.
சத்தமில்லாமல் தொட்டால் உதைப்பாள்.
கோபத்தில் இல்லை.
ரோட்டில் இடது ஓரமாகப் போனால்
பஸ் வலப்பக்கம் வரும், அதை அவள் பார்த்துக்கொள்வாள்.
ஓரத்து நாய்தான் தெரியாது.
நாயைச் செவ்வந்தி பார்க்கட்டும்.

தடுப்பூசி அட்டைக்குள் எட்டாயிரம் இருக்கிறது.
ஒரு கண்ணுக்கு எவ்வளவு கழிப்பது என்று
எனக்குக் கணக்கு வரவில்லை.
போதாதென்றால் பணம் கேட்காதீர்கள்,
அவளை ஏற்றி அனுப்புங்கள்,
முழுத்தொகையும் தருகிறேன்.

வைத்துக்கொள்வதானால்,
வருகிற வெள்ளியோடு லாடத்துக்கு ஆறு வாரம்.
ஆணி அடிக்கும்போது
இடப்பக்கம் யாராவது
பேசிக்கொண்டிருக்கட்டும்.

மஸ்தான்கனி,
நெல்பேட்டை