களிமடுப் பங்கு வரலாறு: இரண்டு பக்கம்

எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
இரண்டு பக்கம் போதும் என்றார் சுவாமி.
ஆயர் படம் வைத்தால் ஒன்றரை.

பங்குப் புத்தகம் இப்படித் தொடங்குகிறது:
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்பது, ஆனி.
மடுத்தீனார் கோயில், கிடுகுக் கூரை.
முதல் ஞானஸ்நானம் மரிசலீன். தகப்பன் சவிரிமுத்து.
தொழில் என்ற இடத்தில் ‘காடு வெட்டல்’.
எட்டு வருடம் எல்லாத் தகப்பனுக்கும் காடு வெட்டல்.
ஒரு தாளைத் திருப்பினால்
எல்லாத் தகப்பனுக்கும் ‘ஓட்டுக் கொம்பனி’.

குளத்துக்குத் தெற்கே மண் நெய்போல இருக்கிறதென்று
முதலில் கண்டவர் யார் என்பதில்
இரண்டு குடும்பம் இன்னும் முகம் பார்ப்பதில்லை.
நான் இரண்டு பெயரையும் எழுதவில்லை.

ஓட்டின் முதுகில் சிறகு விரித்த நீர்க்காகம்.
அறுபத்தாறில் அச்சு உடைந்து
அதற்குப் பிறகு வந்த ஓடெல்லாம் ஒற்றைக்கால்.
கூரையில் ஏறிப் பார்த்தால்
வீட்டின் வயதைச் சொல்லிவிடுவேன்.

காலை ஐந்தரைக்குக் கொம்பனிச் சங்கு.
கோயில் மணி அதற்குப் பிறகுதான்.
இதைப்பற்றி ஒரு பங்குத்தந்தை
மேற்றிராணியாருக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறார்.
பதில் கோவையில் இல்லை.
சங்கு நேரம் மாறியதாகவும் இல்லை.

எழுபத்தேழுக்குப் பிறகு மலையிலிருந்து லொறியில் வந்தார்கள்,
கொழுந்துக் கூடைக்குப் பழகிய முதுகோடு.
மண்கிடங்கு அவர்களுக்கென்று ஆயிற்று.
எழுபத்தொன்பது கார்த்திகை. மழை.
கொம்பனிக் குறிப்பு: ‘தெற்குக் கரை சரிந்தது.
வேலை மூன்று நாள் நிறுத்தம்.
நட்டம் தள்ளுவண்டி இரண்டு.’
கோயில் மரணப் பதிவு: பிலுப்பையா, வயது நாற்பத்தொன்று.
அவ்வளவுதான்.

மனோன்மணி ஒரு பிஸ்கற் தகரத்தோடு வந்தாள்.
உள்ளே தகப்பன் கதிர்காமுவின் கடன் கொப்பி,
நாலு இடப்பெயர்வில் நனைந்து நனைந்து
காய்ந்த கருவாடாய்.

வீரமலை: மண்ணெண்ணெய் கால் போத்தல், நெருப்புப்பெட்டி.
ராக்காயி: சீனி அரை றாத்தல், வெத்திலை.
பெரியாண்டி மகன்: பீடி ஒரு கட்டு.
பக்கத்தில் பென்சிலால்
‘சின்னப் பெடியன், குடுக்கக்கூடாது. குடுத்தது.’

கார்த்திகை பதினாலுக்குப் பிறகு
இந்த மூன்று பெயரிலும் ஒன்றும் வாங்கப்படவில்லை.
மற்றவர் கணக்கெல்லாம் குறுக்கே வெட்டிக் கிடக்கிறது.
இவை வெட்டவில்லை.
“அப்பா சாகும்வரைக்கும் வெட்டேல்லை” என்றாள்.
கோபத்திலா, வேறெதிலுமா என்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும்.

எண்பத்தேழில் கொம்பனி தன் சங்கைக் கழற்றிக்கொண்டு போனது.
பிறகு எங்கள் முறை.
ஓட்டைக் கழற்றி, உழவு இயந்திரத்தில் ஏற்றி,
இறக்கிய காடெல்லாம் நீர்க்காகம்.
கடைசித் தரம் ஏற்ற வழியில்லாமல்
எமிலியானுஸ் தெருவோரம் அடுக்கி, எண்ணி,
மேல் ஓட்டில் கரியால் எழுதிவிட்டுப் போனார்:
ஆயிரத்து இருநூற்று எட்டு.
திரும்பி வந்து எண்ணியபோது ஒன்று.
கரியால் எழுதிய அந்த ஒன்று.

கிடங்கில் இப்போது தண்ணீர்.
சபை யப்பான் மீன் விட்டிருக்கிறது.
நானும் வாங்கிப் பொரித்திருக்கிறேன்,
கொப்பியைப் படிக்க முந்தி.

பங்கு என்றால் கோயிலோடு சேர்ந்த ஊர்.
பங்கு என்றால் கூறு.
மாரியம்மனைக் கும்பிட்டவர்களுக்கு
இந்த மலரில் எப்படி இடம் விடுவது என்று
சுவாமி கேட்டார், அன்பாகத்தான்.
ஆயர் படத்தைச் சின்னதாக்கலாம் என்றேன்.
கனநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு சின்னதாக்கினார்.

மூன்று பேர் கடனும் சேர்த்து
பதினொரு ரூபாய் அறுபத்தைந்து சதம்.
அதையும் எழுதினேன், யார் கட்டுவதென்று எழுதாமல்.

அச்சகத்திலிருந்து நேற்றுத் தொலைபேசி.
பெரியாண்டி மகனுக்குப் பெயர் என்ன?
கொப்பியில் அப்படித்தான் கிடக்கிறது என்றேன்.
ஒப்பு நோக்க வந்த தாளில்
அந்தப் பெடியனுக்கு முன்னால்
ஒரு விரலளவு வெள்ளை விட்டிருக்கிறார்கள்.
நிரப்பச் சொல்லி
சிவப்பில் ஒரு வட்டம்.