ஐந்தில் ஒரு பங்கு

திங்களன்று கோப்புக்கு வைத்த பெயர் இறுதி.
செவ்வாயன்று அதுவே இறுதி 2.
புதன்கிழமை என்று ஒன்று
இந்த வாரம் எலஹங்கா பக்கம் வரவே இல்லை.
வந்திருந்தால்
நான் சாம்பல் கலக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

இருபத்துநான்கு சாம்பல் வேண்டும்,
வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே, சம இடைவெளியில்.
இருபத்துமூன்று வந்துவிட்டது.
மிச்சம் ஒன்று
அதிகாலை ஐந்து மணி ஜன்னலில் இருக்கிறது,
தட்டுக்கு இறங்க மாட்டேன் என்கிறது.

அறையில் ஒரே மேசை.
பாதி செந்திலாவுடையது.
பெயரை நம்பி முதல் நாள்
தமிழில் கொட்டித் தீர்த்துவிட்டேன்.
அவள் மொகோக்சுங்காம், நாகாலாந்து.
முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.
அவள் பக்கம் களிமண்.
என் பக்கம் ஃபோம் போர்டு, மூடி தொலைந்த பசை,
உடைத்து உடைத்துக் குட்டையான கட்டர்.
எல்லையில் ஒரு நூடுல்ஸ் கிண்ணம்,
இரு நாடுகளும் உரிமை கோராதது.

எழுத்துருப் பாடத்துக்கு ஒரு ழ.
வால் கோட்டுக்குக் கீழே போகிறது,
கொஞ்சம் சுருக்கு என்கிறார் பாட்கர் மேடம்.
சுருக்கினால் அது
வேறு யாரோ ஆகிவிடும் மேடம்.

நடுவில் ஆம்பூரிலிருந்து மாமாவின் குரல்:
"டிசைன்தானே படிக்கிறே?
நம்ம சுகிர்தா பத்திரிகையைப் போட்டுக் குடு.
பெரிய வேலையில்லை.
பிள்ளையார் மட்டும் கொஞ்சம் பெரிசா."

வியாழன் மதியம் அவென்யூ ரோட்டில் மவுண்ட் போர்டு.
மெஜஸ்டிக்கில் மழை.
குடையைப் போர்டுக்குப் பிடித்தேன்.
நான் காய்ந்துவிடுவேன்,
அது காயாது.
கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து
எத்தனை டிக்கெட் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜூரி.
தலைப்பு: நின்றே வேலை செய்பவருக்கு ஓர் இருக்கை.
என் ஆள் தீபேன் கலிதா,
பிஜிக்கு எதிரே ஏடிஎம் காவல், பன்னிரண்டு மணி நேரம்.
முழங்கால் அளந்திருந்தேன், இடுப்பு அளந்திருந்தேன்,
மூன்று கால் முக்காலி ஒன்றை அழகாக வரைந்திருந்தேன்.
வியாழன் இரவு பதினொன்றுக்குப் படத்தைக் காட்டினேன்.
என் இந்தியும் அவர் இந்தியும்
முட்டிக்கொண்ட இடத்தில்
நன்றாக இருக்கிறது என்றார்.
பிறகு மேலே விரல் காட்டினார்.
உட்கார்ந்தால் கேமராவில் தெரியும்.
ஒரு நாள் சம்பளம் போகும்.

மூன்று வாரம் அளந்தேன்.
அதை அளக்கவில்லை.

பதினொன்றே காலுக்கு முக்காலி செத்தது.
லேசர் மெஷின் அறையைப் பூட்டிக்கொண்டு
நஞ்சுண்டப்பா எப்போதோ போயாயிற்று.
கையாலேயே வெட்டினேன்.
சுவரிலிருந்து சாய்வாக ஒரு பலகை,
இடுப்புக்குச் சற்றே கீழே,
உடம்பின் பாதியை மட்டும் வாங்கிக்கொள்கிற மாதிரி.
விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது.
செந்திலா பேண்டேஜ் ஒட்டிவிட்டு
மாடலில் சிந்திய ரத்தத்துக்கு
வெள்ளை பெயின்ட் அடித்தாள்.

ஜூரியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.
இது இருக்கை மாதிரியே தெரியவில்லையே.
கேமராவுக்கும் தெரியக் கூடாது சார், என்றேன்.
யாரோ இருமினார்கள்.
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமையை முழுக்கத் தூங்கினேன்.
ராத்திரி எழுந்து பத்திரிகையை முடித்து,
இறுதி 9, அனுப்பிவிட்டு,
சாப்பாட்டுக்குப் பணம் எடுக்கப் போனேன்.

தீபேன் சுவரில் சாய்ந்திருந்தார்,
நான் அளந்த அதே உயரத்தில்,
பலகை இல்லாமல்.
என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து
கதவைத் திறந்துவிட்டார்.
இருநூறு ரூபாய் வந்தது.
பையில் அவருக்கான இருக்கை,
ஐந்தில் ஒரு பங்கு அளவில், ஒரு கால் ஆட்டத்துடன்.

போன் அதிர்ந்தது. மாமா.
"நல்லாத்தான் இருக்கு.
இன்னும் கொஞ்சம் பெரிசா."