கடன் வாங்கிக் கழித்தல்

மாங்கூழ் ஆலைக்கு மூன்று மாசம்தான் பசி.
மே கடைசியில் வாய் திறக்கும்,
ஆகஸ்டில் மூடிக்கொள்ளும்.
தவணைக்கு வருஷம் முழுக்கப் பசி.
இது தெரியாமலா கையெழுத்துப் போட்டேன்?
தெரிந்துதான்.
அது ஜூன் மாசம்.
காவேரிப்பட்டணம் முழுக்கப் பெங்களூரா மாங்காய் வாசம்,
முந்தானையில் வாரக் கூலி.
கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார்,
உள்ளே ஒரு விளக்கு எரிந்தது.
"வட்டியே கிடையாதுக்கா."
வட்டி இல்லாத இடத்தில்
வேறு பெயரில் ஏதோ இருந்தது,
அதைப் படிக்க எனக்கு ஜனவரி ஆனது.

ஐந்தாம் தேதி பிறந்தால்
வீட்டுக்காரர் போனைக் கவிழ்த்து வைப்பார்.
நான் எடுத்து,
"அவரு லோடு ஏத்திக்கிட்டுக் குப்பம் போயிருக்காரு" என்பேன்.
எதிரில் உட்கார்ந்து
ராகிக் களியை உருட்டிக்கொண்டிருப்பார்.
குப்பத்தில் இருக்கிறவர் மாதிரியே
சத்தமில்லாமல் விழுங்குவார்.

பிப்ரவரியில் என் கணக்கில்
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது.
தவணை இழுக்க வந்து, கிடைக்காமல் திரும்பிப் போய்,
திரும்பிப் போனதற்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு கேட்டது.
இல்லை என்று சொன்னதற்கு அபராதம்.
அன்று ராத்திரிதான் சொன்னேன்,
"எழுதிப் பாத்துடலாம்."

புது நோட்டு வாங்கக் கூடாது என்பது முதல் முடிவு.
ரோஷிணியின் பழைய கணக்கு நோட்டு, நாலாம் வகுப்பு,
பின்பக்கங்கள் வெறுமை.
பைக், மூவாயிரத்து நூற்றைம்பது.
ஃபிரிட்ஜ், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
புதன்கிழமைக் குழு, நாலு வாரத்துக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
போன், கவிழ்ந்து கிடக்கிறதே அதேதான்,
ஒன்று குறைய ஆயிரத்து ஐந்நூறு.
"அவ்வளவுதானே?"
அவர் பேனா மூடியைக் கடித்தார்.
நெடுஞ்சாலையில் ஒரு லாரி
ஹார்ன் அடித்துக்கொண்டே போய் முடிந்த பிறகு,
"ஆப்புல ஒண்ணு எடுத்தேன். மாசம் நாலாயிரத்து இருநூறு."
ஆப்பு.
பெயரிலேயே சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்கள்.

கத்தியிருப்பேன்.
தொண்டை வரைக்கும் வந்தது.
வந்த இடத்தில் என்னுடைய வெள்ளிக்கிழமைக் குழு
ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.
அதையும் எழுதினேன், இரண்டாயிரத்து நூறு.
அந்த வரியில் மட்டும் என் எழுத்து சின்னது.
பதினொரு வருஷத்தில் நாங்கள்
இவ்வளவு வெட்கத்தோடு
விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

கூட்டினால் பதினைந்தாயிரத்து நூற்று எழுபத்தொன்பது.
அவர் வண்டி ஓட்டிக் கொண்டுவருவது பதினாலாயிரம்,
நல்ல மாசத்தில்.
அரிசி இன்னும் எழுதவில்லை.

தாளைத் திருப்பினேன்.
மகளின் உருண்டை எழுத்து:
மேலே சிறியது, கீழே பெரியது.
பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு.
கொடுத்த இலக்கத்தின் மேல் ஒரு வெட்டு,
அதன் தலையில் ஒன்று குறைந்துபோன எண்.
நோட்டு முழுக்கத் தேடினேன்,
வாங்கியதைத் திருப்பித் தந்த கணக்கு
ஒன்றுகூட இல்லை.
எல்லாவற்றுக்கும் டீச்சர் சரி போட்டிருந்தார்.

கேபிளை நிறுத்தலாம் என்றார்.
ஞாயிற்றுக்கிழமைக் கறி இருக்கட்டும் என்றார்.
மாசத்துக்கு இரண்டு ஞாயிறு என்று வந்து நின்றோம்.
ஃபிரிட்ஜை விற்றால் என்ன என்றேன்,
அது ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கியது.
வரப்போகும் சீசன் கூலியை, முப்பத்திரண்டாயிரம் என்று வைத்து,
பன்னிரண்டு துண்டு போட்டேன்.
துண்டுக்கு இரண்டாயிரத்து எழுநூறுகூடத் தேறவில்லை.
நாளெல்லாம் மாங்காய் நறுக்குகிற கை,
இந்த வெட்டுக்கு நடுங்கியது.

போன் கவிழ்ந்தபடியே தரையில் ஊர்ந்தது.
பழக்கத்தில் நான் கை நீட்டினேன்.
அவர் எடுத்தார்.
"வேடியப்பன்தான் பேசறேன்.
வீட்லதான் இருக்கேன்.
பத்தாம் தேதி ரெண்டாயிரம், மீதி ஜூன்ல.
இல்ல சார், எழுதி வச்சிருக்கேன், பாத்துத்தான் சொல்றேன்."
அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது.
அவர் நோட்டில் விரலை வைத்து
அதே வரியை மறுபடி படித்தார்.

பிறகு, குப்பத்திலிருந்து
இப்போதுதான் வந்து சேர்ந்தவர் மாதிரி,
களி மிச்சம் இருக்கா என்று கேட்டார்.