வரிசை எண் நாற்பத்தொன்று

படை என்பது முதலில் ஒரு தாள்.
மேலே ஒரு பெட்டி, அதன் கீழ் மூன்று,
ஒவ்வொன்றின் கீழும் மறுபடி மூன்று.
டிவிஷன், ரெஜிமெண்ட், பட்டாலியன், கம்பெனி.
கோடு கோணாமல் இழுக்கத் தெரிந்ததால்
எனக்குத் துப்பாக்கிக்குப் பதில் மசி கொடுத்தார்கள்.

ராம்கர் முகாமில் வரைந்த அந்தத் தாளில்
காடு இல்லை.

ஹூகாங் பள்ளத்தாக்கில் தாள் நனைந்தது.
கோடுகள் கசிந்து
மூன்றாம் கம்பெனி கோவேறு கழுதைப் பிரிவோடு கலந்தது.
தரையிலும் அப்படித்தான்:
யானைப்புல்லுக்குள் நுழைந்தவர்கள் நூற்றிருபத்தாறு பேர்.
மறுபுறம் வந்தவர்கள் எழுபத்தொன்பது பேரும்
யாருடையவை என்று தெரியாத இரண்டு கழுதைகளும்.

அரிசி வானத்திலிருந்து விழும்,
இரட்டைச் சாக்கில், பாராசூட் இல்லாமல்.
தலைக்கு இவ்வளவு.
என் எண்ணைக் கேட்டுத்தான் வானொலிக்காரன் தட்டுவான்.
செத்தவனை அடித்துவிட்டால் அவன் பங்கு வராது.
கேப்டன் ஷாவ் ஒன்றும் சொல்லமாட்டார்,
என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
ஊரில் இப்படிச் சேரும் பங்கு
அதிகாரி வீட்டுக் கூரைக்கு ஓடாகும்.
இங்கே கஞ்சி கொஞ்சம் கெட்டியாகும்.

சம்பளம் மட்டும் ஏமாறாது.
தொடர்பு அதிகாரி, அந்த நெட்டை அமெரிக்கர்,
வெடிப்பெட்டிமேல் முழங்கால் மடித்து அமர்ந்து
முகம் பார்த்துத்தான் காசு வைப்பார்.

எங்கள் வழிகாட்டி கச்சின்காரன், பெயர் லபாய் து.
து என்றால் நான்காம் மகனாம்.
மூத்தவன் கம், அடுத்தவன் நாவ், பிறகு லா.
பிறக்கும்போதே வரிசை எண்ணா!
எழுத்தனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சிரித்தேன்.
"நாவ் போன வருடம் செத்துவிட்டான்," என்றான்,
"ஆனாலும் நான் மூன்றாவது ஆகவில்லை."

மழைக்கு முந்திய வாரம்
ஓயாங் பெய் காட்டிலிருந்து நடந்து வந்தான்.
பத்து நாளுக்கு முன்
நான் சிவப்பு மசியால் அடித்த பெயர்.
அவனுடைய அறுபத்திரண்டாம் எண்ணும்
துப்பாக்கியும் போர்வையும்
விமானத்தில் வந்திறங்கிய ஒரு பையனிடம் போயிருந்தன.
கெண்டைக்கால் முழுக்க அட்டை கடித்த பொருக்கு.
"டிவிஷனுக்கு எழுதி உன்னை உயிர்ப்பிக்க
ஆறு வாரம் ஆகும்."
"அதுவரை எதைத் தின்ன?"

நாற்பத்தொன்று இருந்தது.
குவாங் தெஹௌ.
மூங்கில் புதருக்கடியில் அவனுக்குக் குழி வெட்ட
நானும் கை கொடுத்திருந்தேன்.
ஏட்டில் இன்னும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை "குவாங் தெஹௌ" என்றேன்.
"இருக்கிறேன்!"
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
சமையல்காரன் மட்டும் வரிசை கலைந்ததும் வந்து
குவாங் தனக்கு மூன்று சிகரெட் பாக்கி என்றான்.
சம்பள நாளில் ஓயாங் பெய் கொடுத்தான்.
ஏன் என்று கேட்டதற்கு,
"அவன் சோறுதானே" என்றான்.

அப்புறம் குவாங்கின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது.
இவனுக்குப் படிக்க வராது, நான்தான் படித்தேன்.
பன்றியை விற்றாயிற்று.
வாசல் கதவு இன்னும் சாத்த வரவில்லை.
நெடுநேரம் கழித்து, எழுது என்றான்:
கதவின் கீழ்க்கட்டையைச் சீவச் சொல்.
இங்கே மழை. உடம்புக்கு ஒன்றுமில்லை.
எழுதினேன்.
அதே நாட்களில் இவன் வீட்டில்
என் கையெழுத்தில் போன தாளை
யாரோ படித்துக் காட்டியிருப்பார்கள்.

மோகாங் ஆற்றைக் கடந்தபோது
கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் கடைசி ஆள் அவன்.
ஒரே குண்டு.

ஏட்டைத் திறந்தேன்.
அறுபத்திரண்டு, ஏற்கெனவே சிவப்பு, அதற்கு மேல் அந்தப் பையன்.
நாற்பத்தொன்றின்மேல் பேனாவை வைத்தேன்,
ஈரத்தில் மசி பரவிக்கொண்டே போனது.

லபாய் து மூங்கிலைச் சீவிக் கூர்மையாக்கியிருந்தான்.
கத்தி முனையை அதன்மேல் வைத்துக்கொண்டு கேட்டான்:
இவன் எத்தனையாவது மகன்?

தெரியவில்லை.
கேட்டு வைத்திருக்கலாம்.